அன்னமும் குடல் நலமும்

(அன்னதான நிதி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சோறு போடும் சபையில் சோற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் மருத்துவரும் அல்லன், சமயச் சொற்பொழிவாளனும் அல்லன். மருத்துவ உதவியாளராகப் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோயிலுக்கு வந்தால் என்னைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அண்மையில் இரண்டு கேள்விகள் வந்தன. ஓர் அம்மா கேட்டார்: "அண்ணே, டாக்டர் சோற்றை விடச் சொல்லிவிட்டார், பிரசாதம் சாப்பிடலாமா?" ஓர் உபயகாரர் கேட்டார்: "இனிப்புநீர் இப்படிப் பெருகிவிட்ட காலத்தில் நாம் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிப் போடுவது புண்ணியமா, பாவமா?"

இரண்டும் நியாயமான கேள்விகள். மலேசியாவில் 2019இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடாகப் பதிவாயிற்று. ஆனால் நம் இந்தியச் சமூகம்தான் எல்லா இனங்களிலும் முன்னே நிற்கிறது. 2019 ஆய்வில் இந்தியப் பெரியவர்களுள் பத்தில் மூவருக்கு இந்நோய் காணப்பட்டது. இந்த முதலிடம் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் முதலிடம் அன்று.

ஆகவே மாவுச்சத்து என்றாலே பகை என்று ஒரு சாரார் முடிவு கட்டிவிட்டார்கள். இன்னொரு சாரார் "அதெல்லாம் ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்று மூன்றாம் முறை சோறு வாங்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் உறுப்பு பேசாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதுதான் நம் சிறுகுடல். அதன் சார்பில் நான்கு வார்த்தை பேசலாம் என்று வந்தேன்.

சிறுகுடல் என்னும் மடைப்பள்ளி

மாவுச்சத்து என்பது ஒன்றல்ல, மூன்று. சீனி, பழச்சர்க்கரை, பால் சர்க்கரை ஆகியவை சிறியவை. அரிசி, கோதுமை, கிழங்கு, பருப்பு ஆகியவற்றில் உள்ள மாவு பெரியது. ஆயிரக்கணக்கான சர்க்கரை மணிகளைக் கோத்த மாலை போன்றது அது. மூன்றாவது நார்ச்சத்து. அதுவும் மாலைதான். ஆனால் அதை அவிழ்க்கும் கைத்திறன் நம் உடலுக்குக் கிடையாது.

ஒரு பிடி சோற்றை வாயில் போட்டு மென்றுகொண்டே இருங்கள். சற்று நேரத்தில் இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரே மாவை உடைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரைப்பைப் புளிப்பில் அந்த வேலை நின்றுபோகும். பிறகு சிறுகுடலின் தொடக்கத்தில் கணையநீர் வந்து சேர்ந்து மீண்டும் உடைக்கிறது. கடைசி முடிச்சுகளைச் சிறுகுடலின் சுவரே அவிழ்க்கிறது. தனித்தனி மணிகளாக ஆன பிறகே குளுக்கோஸ் இரத்தத்துக்குள் போக முடியும்.

இந்தச் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். உள்ளே மடிப்பு, மடிப்பின் மேல் விரல் போன்ற உறிஞ்சிகள், அவற்றின் மேலும் நுண்ணிய தூரிகை போன்ற விளிம்பு. இவற்றை எல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 30 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியும்: ஒரு பாட்மின்டன் திடலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சுவரின் மேற்புற அணுக்கள் மூன்று முதல் ஐந்து நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை வருகின்றன. ஐந்து நாளுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் நடக்கும் கோயில் நம் வயிற்றுக்குள்தான் இருக்கிறது.

நாம் ஒரு நாளில் குடிப்பது இரண்டு லிட்டர் என்றால், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர் எல்லாம் சேர்ந்து குடலுக்குள் இறங்குவது சுமார் 9 லிட்டர். அதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு வெளியே போவது அரைக் குவளைத் தண்ணீர்தான். அந்த 9 லிட்டரும் உறிஞ்சப்படாமல் போனால் என்ன ஆகும்? அதைத்தான் நாம் வயிற்றுப்போக்கு என்கிறோம். கடுமையானால் உயிர் போகும்.

உண்டியலின் இரண்டு சாவிகள்

நம் கோயில் உண்டியலை யாரும் தனியாகத் திறக்க முடியாது. ஒரு சாவி நிர்வாகியிடம், இன்னொரு சாவி அறங்காவலரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் பூட்டு திறக்கும்.

சிறுகுடலின் சுவரிலும் அப்படி ஒரு பூட்டு இருக்கிறது. ஒரு சாவி குளுக்கோஸ், மற்றொன்று உப்பிலுள்ள சோடியம். இரண்டும் கூடி வந்தால் அந்த வாயில் திறந்து இரண்டையும் உள்ளே விடுகிறது. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. ராபர்ட் கிரேன் என்ற அறிவியலாளர் 1960ஆம் ஆண்டு பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இந்தக் கருத்தை வெளியிட்டார். வாந்திபேதி போன்ற நோயில் குடல் ஓட்டைப் பானை போலத் தண்ணீரைக் கொட்டும்போதுகூட இந்த வாயில் பெரும்பாலும் கெடுவதில்லை. நோயாளிக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் போதிய அளவு நிற்காது. வெறும் உப்புத் தண்ணீரும் நிற்காது. உப்போடு சிறிதளவு சர்க்கரை சேர்ந்தால் நிற்கும். மாவுச்சத்து சிறுகுடலுக்குச் செய்யும் பேருதவி இதுதான். அது எரிபொருள் மட்டுமன்று, தண்ணீருக்கும் உப்புக்கும் வழிகாட்டி.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சபையோர் பொறுத்தருள வேண்டும்.

நான் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். 1963இல் எனக்கு ஒன்பது வயது. என் தம்பிக்கு இரண்டு வயது. ஒரு நாள் காலை அவனுக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டிவிட்டு வந்து பார்க்கும்போது பிள்ளை வாடிக்கிடந்தான். "வயிற்றைக் காயப்போடு, எதையும் கொடுக்காதே, தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். அம்மா அப்படியே செய்தார். பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதான். பிறகு அழுவதற்கும் கண்ணீர் வரவில்லை. மறுநாள் விடியும் முன் போய்விட்டான்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அன்று பெரும்பாலோருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு நான் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குப் போனேன். 1970களின் இறுதியில், உப்பும் குளுக்கோசும் கலந்த பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து வாய்வழி கொடுக்கும் முறையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தம்பி இறந்த அந்த நாளிலும் எங்கள் வீட்டில் சோறு வடித்தார்கள். அரிசிக் கஞ்சி ஒரு சட்டி நிறைய இருந்தது. உப்பும் இருந்தது. இரண்டு சாவியும் வீட்டிலேயே இருந்தன. கஞ்சியை வழக்கம்போல மாட்டுக்கு ஊற்றினோம்.

அம்மா காலமாகும் வரை இதை நான் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், "வயிற்றைக் காயப்போடு" என்ற பேச்சை இன்றும் நம் வீடுகளில் கேட்கிறேன்.

வங்காளமும் வேலூரும் காட்டிய வழி

1968இல் டாக்காவிலிருந்த வாந்திபேதி ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள், குளுக்கோசும் உப்புகளும் சேர்ந்த நீரை வாய்வழி கொடுத்தால் ஊசிவழி ஏற்றும் நீரின் தேவை பெரிதும் குறையும் என்று காட்டினார்கள். 1971இல் வங்காளதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். எல்லையூரான போங்காவில் வாந்திபேதி பரவியது. ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. அங்கிருந்த மருத்துவர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரையே மொண்டு கொடுக்கச் சொன்னார். முன்பு நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த இடத்தில், அவர் முகாமில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. 2022இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் விருதை அறிவித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சர்க்கரை உதவுகிறது என்பதற்காக அள்ளிக் கொட்டக் கூடாது. அளவு மீறினால் அந்தச் சர்க்கரையே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். அதனால்தான் வயிற்றுப்போக்குக்காரருக்குப் பாட்டில் பானமும் கெட்டிச் சாறும் ஆகாது. உலக சுகாதார நிறுவனமும் 2002இல் குளுக்கோசைக் குறைத்து, லிட்டருக்கு 13.5 கிராம் என்று திருத்தியது.

அரிசி மாவில் ஆயிரம் மணிகள் ஒரே மாலையில் கோத்திருப்பதால், அது தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. சிறுகுடல் அவிழ்க்க அவிழ்க்கக் குளுக்கோஸ் சிறுகச் சிறுக வரும். லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவைக் காய்ச்சிச் செய்த உப்புநீர், வாந்திபேதி கண்டவர்களுக்கு நல்ல பலன் தந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. நம் பாட்டிமார் கொடுத்த உப்புக் கஞ்சிக்கு அறிவியல் பின்னாளில் சான்றிதழ் எழுதிக் கொடுத்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டிலும் ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். இராமகிருஷ்ணா குழுவினர், சிறுகுடலில் செரிக்காத ஒருவகைச் சோள மாவை உப்பு நீரோடு சேர்த்து 48 வாந்திபேதி நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த மாவைப் பெற்றவர்களுக்குப் போக்கு குறைந்தது, சீக்கிரமும் நின்றது. 2000ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. செரிக்காத மாவு எப்படி உதவும்? அதைப் புரிந்துகொள்ளச் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போக வேண்டும்.

பந்தியில் கடைசியாக உண்பவர்கள்

கோயில் பந்தியில் எல்லோரும் உண்ட பிறகு தொண்டர்கள் உட்கார்ந்து உண்பார்கள் அல்லவா? நம் வயிற்றிலும் அப்படிக் கடைசிப் பந்திக்காரர்கள் உண்டு. பெருங்குடலில் வாழும் கோடிக்கணக்கான நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்தாம் அவர்கள். சிறுகுடல் அவிழ்க்க முடியாமல் விட்ட நார்ச்சத்தும் செரிக்காத மாவும் அவர்களுக்கு உணவு. அவர்கள் அதைப் புளிக்கவைத்து, பியூட்டிரேட் முதலிய சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகிறார்கள். பெருங்குடல் சுவருக்கு அதுவே முதன்மையான எரிபொருள். அந்த அமிலங்களை உறிஞ்சும்போது பெருங்குடல் உப்பையும் நீரையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. வேலூர் ஆய்வின் சூட்சுமம் இதுதான்.

முதல் பந்தியிலேயே எல்லாவற்றையும் காலி செய்துவிட்டால் தொண்டர்கள் பட்டினி. தீட்டிய வெள்ளை அரிசியும் மைதாவும் சீனியும் மட்டுமே உண்பவரின் வயிற்றில் நடப்பது அதுவே. சிறுகுடலின் முற்பகுதியிலேயே எல்லாம் கரைந்து இரத்தத்தில் ஏறிவிடும். இரத்தத்தில் சர்க்கரை பாயும், பெருங்குடல் காயும். மலச்சிக்கல் என்று மருந்துக்கடைக்குப் போவோம்.

அதே சோற்றுடன் பருப்பும் கீரையும் வெண்டைக்காயும் சேர்ந்தால் உள்ளே கூழ் கெட்டிப்படும், செரிமானம் மெதுவாகும், சர்க்கரை படிப்படியாக ஏறும். மாவின் ஒரு பகுதி சிறுகுடலின் பின்பகுதி வரை போகும். அங்குள்ள சில அணுக்கள் "போதும்" என்ற செய்தியை மூளைக்கும் கணையத்துக்கும் அனுப்பும். மூன்றாம் முறை சோறு கேட்கத் தோன்றாது.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று கூறியது. ஒரு கிண்ணம் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட இல்லை. ஒரு கிண்ணம் அவித்த கொண்டைக்கடலையில் சுமார் 12 கிராம். நவராத்திரிச் சுண்டலை வெறும் பிரசாதம் என்று நினைத்தோமே, அது பாதி நாளைக்குரிய நார்ச்சத்து!

பழைய சோற்றைப் பற்றியும் கேட்பீர்கள். வடித்த சோறு ஆறும்போது மாவின் ஒரு பகுதி இறுகி, செரிக்காத மாவாக மாறுகிறது. அது கடைசிப் பந்திக்கு நல்லது. ஆனால் நம் வெப்பத்தில் சோற்றை இரவெல்லாம் வெளியே வைத்தால் ஒருவகைக் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சோறு மிஞ்சினால் விரைவாக ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், அடுத்த நாளே தீர்த்துவிடுங்கள். வயிற்றுப்போக்கு உள்ளவருக்கோ பிள்ளைகளுக்கோ பழையது வேண்டாம்.

பாலும் மோரும்

பாற்குடம் எடுக்கும் நாம் பாலைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். பால் சர்க்கரையை உடைக்கும் செரிமானப் பொருள் சிறுகுடலின் தூரிகை விளிம்பில் இருக்கிறது. குழந்தைப் பருவத்துக்குப் பிறகு உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு அது குறைந்துவிடுகிறது. ஆசியர்களிடம் இது மிகவும் சாதாரணம். அப்படிப்பட்டவர் ஒரு குவளைப் பால் குடித்தால் வயிறு உப்பும், இரையும், சில வேளை கழியும். இது நோய் அன்று, இயல்பு. அவர்களுக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். உறைய வைக்கும் நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தாமே உண்டுவிடுகின்றன, மீதியைச் செரிக்கவும் உதவுகின்றன.

பருப்பு உண்டால் வாயு என்பவர்களுக்கும் வழி உண்டு. இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் நன்றாக வேகவைத்தால் வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் ஓரளவு நீங்கும். இட்லி மாவைப் புளிக்கவைப்பதும் அந்த வேலையைச் செய்கிறது.

விரதம் இருப்போர் கவனத்திற்கு

தைப்பூசம், ஆடி, புரட்டாசி என்று விரதம் மேற்கொள்வோர் இங்கே பலர். விரதத்தை நான் குறை கூற மாட்டேன், நானும் இருப்பவன்தான். ஆனால் இனிப்புநீருக்கு மருந்து உண்போர் ஒன்றைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் சொன்ன இரட்டைச் சாவி வாயிலுக்கு ஓர் இளைய சகோதரன் சிறுநீரகத்தில் இருக்கிறான். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் போன்ற மாத்திரைகள் அந்த வாயிலை அடைத்து, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்துகள் இவை. ஆனால் இவற்றை உண்டுகொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலும், நாள் முழுதும் பட்டினி கிடந்தாலும், வாந்தி வயிற்றுப்போக்கு வந்தாலும், இரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்து வரலாம். அப்போது சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாகவே காட்டும், அதனால் ஏமாந்துபோவோம். குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், கடும் சோர்வு ஆகியவை அடையாளங்கள். இன்சுலின் போடுவோர்க்கும், சர்க்கரையை இறக்கும் வேறு சில மாத்திரைகள் உண்போர்க்கும் பட்டினியில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

ஆகையால் விரதம் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் செய்யாதீர்கள். பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறுபவர் பட்டினியும் வியர்வையுமாக ஏறுகிறார். முருகன் உங்கள் பக்தியைப் பார்க்கிறானே தவிர, நீங்கள் மயங்கி விழுவதைப் பார்க்க விரும்புகிறவன் அல்லன்.

நம் பந்தியில் என்ன செய்யலாம்?

இப்போது அந்த உபயகாரரின் கேள்விக்கு வருகிறேன். அரிசி வாங்கிப் போடுவது புண்ணியமே. ஆனால் இலையில் என்ன விழுகிறது, எவ்வளவு விழுகிறது என்பதும் அந்தப் புண்ணியத்தில் அடங்கும். திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் மூலிகையை விட உண்ணும் அளவைப் பற்றியே மிகுதியாகப் பேசியிருக்கிறார்.

நம் சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செபாரோ" என்று ஒரு முறையைச் சொல்கிறது. சுக்கு என்றதும் இஞ்சியின் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள். மலாய் மொழியில் கால் பங்கு. தட்டில் கால் பங்கு சோறு அல்லது வேறு மாவுணவு, கால் பங்கு பருப்பு, கடலை, மீன் போன்ற புரதம், பாதித் தட்டு காய்கறியும் பழமும். கோயில் பந்தியில் இதை அப்படியே நிறைவேற்றுவது கடினம். அதனால் வாரியத்துக்கு ஐந்து சிறு விண்ணப்பங்களை மட்டும் வைக்கிறேன்.

முதலாவது, முதல் சோற்றை ஓர் அளவான அகப்பையில் வையுங்கள். கேட்பவருக்கு இரண்டாம் முறை இல்லை என்று சொல்ல வேண்டாம். கேளாதவர் இலையில் குவிக்க வேண்டாம்.

இரண்டாவது, ஒவ்வோர் அன்னதானத்திலும் ஒரு சுண்டல் அல்லது கெட்டிப் பருப்பும், இரண்டு காய்கறியும் இருக்கட்டும். அப்பளம் ஒன்றைக் குறைத்தால் அந்தச் செலவில் பாதி வந்துவிடும்.

மூன்றாவது, பாயசத்தைச் சிறு கிண்ணத்தில் கொடுங்கள். ஒரு நாளைக்குச் சேர்க்கப்படும் சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது என்றும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொல்கிறது. உபயகாரர்களே, பாயசத்தில் சீனி குறைந்தால் உங்கள் புண்ணியம் குறையாது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் வண்ணச் சர்பத்தை மட்டுமே ஊற்றாமல், பச்சைத் தண்ணீரும் உப்பிட்ட நீர்மோரும் முன்வரிசையில் இருக்கட்டும்.

நான்காவது, சோறும் குழம்பும் பரிமாறும் வரை 60 பாகைக்கு மேல் சூடாக இருக்கட்டும். பொட்டலம் கட்டினால் சமைத்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிடச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்த பொட்டலம் ஒரு முதியவரை மருத்துவமனைக்கு அனுப்பக் கூடாது.

ஐந்தாவது, இதுதான் என் சொந்த வேண்டுகோள். ஆலய முதலுதவிப் பெட்டியிலும், அன்னதானம் பெறும் ஒவ்வொரு குடும்பத்திலும், வாய்வழி உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டாவது இருக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும், விலை மிகச் சிறிது. அதை வாங்கிக் கொடுப்பதற்கு ஓர் உபயம் ஏற்படுத்துங்கள்.

பொட்டலம் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியதைத் தாய்மார்கள் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர். சீனி, தலை தட்டிய தேக்கரண்டியால் 6. உப்பு, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி. கண்ணீரை விட அதிகம் உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். சிறுகச் சிறுகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை கேட்டால் குழைந்த சோறும் கஞ்சியும் கொடுங்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். போகும் வழியிலும் கொடுத்துக்கொண்டே போங்கள். இனிப்புநீர் உள்ள முதியவருக்கும் இந்தப் பொட்டல நீர் பகை அன்று. அதிலுள்ள குளுக்கோஸ் சிறிதளவுதான். கொடுத்துக்கொண்டே அவருடைய மருந்து பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மா, பிரசாதம் சாப்பிடுங்கள். கையளவு சோறு, நிறையக் காய், ஒரு பிடி சுண்டல். நன்றாக மென்று உண்ணுங்கள். பாயசத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள். உங்கள் மருத்துவர் சோற்றை விடச் சொன்னது உண்மையாகவே அடியோடு விடுவதற்கா, குறைப்பதற்கா என்று அடுத்த முறை அவரிடமே கேளுங்கள்.

அன்பர்களே, மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது என்று கதை. நம் வாரியத்தின் அன்னதான நிதி அப்படிப்பட்டதன்று. கொடுத்தால்தான் நிறையும். தயவுசெய்து தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு பங்கை அந்தச் சிறு பொட்டலங்களுக்கும் ஒதுக்குங்கள். ஒரு சட்டிக் கஞ்சியும் ஒரு சிட்டிகை உப்பும் பக்கத்தில் இருந்தும், தெரியாத காரணத்தால் ஒரு பிள்ளை போகும் நிலை நம் சமூகத்தில் இனி எந்த வீட்டிலும் வரக் கூடாது.

 பந்தி தயாராகிவிட்டதாகச் சைகை வருகிறது. அகப்பை அளவாக இருக்கிறதா என்று முதலில் போய்ப் பார்க்கிறேன். எல்லோருக்கும் இறையருள் பெருகுக. வணக்கம்.